ஜமீலா அம்மா வீட்டு ஃபயர்வால்

1. மாடி டி.வி.யில் வந்த பெண்கள்

காலை பத்து மணி இருக்கும். கடையில் ஒரு லேப்டாப்பின் கீபோர்டைக் கழற்றி, பட்டன்களுக்கு அடியில் இருந்த மிக்சர் தூளை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜமீலா அம்மா.

"சுமதி, கையில இன்னா வேல இருந்தாலும் வெச்சுட்டு வா. நம்ம பொண்ணுங்க போட்டோல்லாம் மாடி வூட்டு டிவில வருது."

கள்ளக்குறிச்சியில் கச்சிராயப்பாளையம் ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மதர்போர்டு, எலி கடித்த கேபிள், சாம்பார் குடித்த மவுஸ் எல்லாம் பார்த்தாயிற்று. இப்படி ஒரு புகார் வந்ததில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஜமீலா அம்மா கல்யாணத்துக்கு வரன் பார்த்துக் கொடுப்பவர். திருக்கோவிலூரிலிருந்து சின்னசேலம் வரை முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது ஆனதும் முதலில் நினைப்பது அவரைத்தான். அவர் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் பெண் பெண்ணாகத் தனித்தனி ஃபோல்டர். போட்டோ, படிப்பு, உயரம், அவர்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் தொழில், வீட்டு விலாசம். யார் கேட்டாலும் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார். பையன் வீட்டார் நேரில் வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஸ்கிரீனில்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண்டிப்புக்காகவே அவரிடம் பெண்ணின் விவரம் கொடுத்தவர்கள் பலர். அது போய்விட்டால் அவருடைய தொழிலும் போய்விடும்.

மாடியில் வாடகைக்கு இருப்பவள் கோமதி. அவள் கணவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பள்ளி ஆசிரியர், காலை பஸ்ஸில் போய்விடுவார். நான் படி ஏறியபோது கோமதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுவரில் புது டி.வி. அதில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் முழு உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா," என்றாள் கோமதி. "போட்டோன்னு ஒரு பட்டன் இருந்துது. எங்க கல்யாண போட்டோவ பென்டிரைவ்ல போட்டு பாக்கலாம்னு அமுத்துனேன். கீழ் வூட்டு கம்ப்யூட்டர் பேரு வந்துது. உள்ள போனா இவங்கல்லாம் வராங்க. ஒடனே கீழ போயி சொல்லிட்டேன்."

அவள் மாமியார் நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கண்ணாடி மாட்டியிருந்தார். "இந்த பச்ச சுடிதார் பொண்ணு லட்சணமா இருக்குதுமா. யாரு வூட்டு பொண்ணு?" என்று கேட்டார்.

என் பின்னாலேயே ஏறி வந்த ஜமீலா அம்மா கோமதியிடமிருந்து ரிமோட்டை வாங்கி டி.வி.யை அணைத்தார்.

"எத்தினி பொண்ணுங்க போட்டோ பாத்தீங்க?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"ரெண்டு பொண்ணுங்கக்கா. வேற யாரும் பாக்கல. நானும் அத்தையும்தான்."

கீழே வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விண்டோஸ் ஃபயர்வால் ஆஃப். ஷேரிங் பாஸ்வேர்டு ஆஃப். படம், வீடியோவை மற்ற கருவிகளுக்குக் காட்டும் மீடியா ஸ்ட்ரீமிங் ஆன், அதுவும் எல்லோருக்கும். போட்டோ ஃபோல்டர் அந்த வழியில் திறந்து கிடந்தது. மாடிக்கும் கீழுக்கும் ஒரே வைஃபை. வீட்டை வாடகைக்கு விட்டபோதே பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். மாடி வீட்டு டி.வி. அதே வைஃபையில் ஏறியதும், நெட்வொர்க்கில் யார் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறது.

ஜமீலா அம்மாவின் கணவர் கரீம் பாய் பின்னால் வந்து நின்றார். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். "வைரஸாமா?" என்றார்.

எங்கள் தொழிலில் மிக வசதியான வார்த்தை அது. வைரஸ் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வைரஸுக்கு அப்பனும் இல்லை, விலாசமும் இல்லை.

மூன்று மாதம் முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். பாய் தன் லேப்டாப்பிலிருந்து விலைப் பட்டியல் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றார். பிரிண்டர் இந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. ஷேர் செய்து பார்த்தேன், வரவில்லை. எதிலோ தட்டிக்கொண்டே இருந்தது. கடையில் வேறு ஆள் காத்திருந்தார். நெட்வொர்க்கில் இருந்த எல்லா ஸ்விட்சையும் ஆன் செய்தேன், ஃபயர்வாலை ஆஃப் செய்தேன். பிரிண்ட் வந்தது. பாய் சந்தோஷப்பட்டார். நான் கிளம்பிவிட்டேன். எங்கள் ஊரில் பாதி சர்வீஸ்காரர்கள் செய்வது இதுதான். நானும் நூறு வீட்டில் செய்திருப்பேன்.

"வைரஸ் இல்ல பாய். நான்தான்," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

2. திருக்கோவிலூருக்கு ஒரு பயணம்

ஜமீலா அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் புர்கா மாட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு வூட்டுக்கும் போயி சொல்லிட்டு வந்துடலாம். நீயும் வா."

"நான் எதுக்குமா?"

"நான் சொன்னா கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிடுச்சின்னுதான் சொல்ல வரும். இன்னா ஆச்சின்னு நீ சொல்லு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். கோமதி வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் ஜமீலா அம்மாவுக்கு அந்தக் கணக்கே தோன்றவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். முதல் வீடு ரிஷிவந்தியம். பெண்ணின் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். நான் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார். "ஆம்பளைங்க யாரும் பாக்கலியே?"

"இல்லங்க. மாடி வூட்டு பொண்ணும் அவங்க மாமியாரும் மட்டும்."

"சரி. எம்பொண்ணு போட்டோ உங்ககிட்ட வாணாம். எடுத்துடுங்க."

சத்தம் போடவில்லை. டீ வந்தது. குடித்தோம். அதைவிட அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டாவது வீடு திருக்கோவிலூர், ஜவுளி வியாபாரம். பச்சைச் சுடிதார் பெண் இந்த வீட்டுப் பெண்தான். பெயர் ஷபானா. பெற்றோர் முகம் சுருங்கியது. அவளோ கதவு ஓரத்திலிருந்து வெளியே வந்தாள்.

"டிவி எத்தினி இன்ச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"நாப்பத்தி மூணு."

"பரவால்ல, பெருசாதான் வந்திருக்கேன்." அவள் அம்மா அதட்டினார். அத்தா சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "இனிமே பாத்து பண்ணுங்கமா," என்றார். விவரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் ஜமீலா அம்மா ரிஷிவந்தியத்துப் பெண்ணின் ஃபோல்டரை அழிக்கச் சொன்னார். அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, அது காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

3. பெரிய பூட்டு

"இருக்கறதுலயே பெருசா ஒரு ஃபயர்வால் போடு," என்றார் ஜமீலா அம்மா.

ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டரின் வாசலில் நிற்கும் காவல்காரன். நெட்வொர்க்கில் யார் உள்ளே வரலாம், எந்த சாஃப்ட்வேர் வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அதன் வேலை. விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. வெளியே தனியாகவும் பல கிடைக்கின்றன. சில பேசாமல் வேலை செய்யும். சில ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் பெட்டி திறந்து அனுமதி கேட்கும்.

எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று யோசித்துப் போட வேண்டும். நான் அன்று யோசிக்கவில்லை. குற்ற உணர்ச்சியோடு கடைக்குப் போன ஆள் தேவைக்கு மேல் வாங்கி வருவதுபோல, இருப்பதிலேயே கறாரான ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். விண்டோஸ் ஃபயர்வால் ஒதுங்கிக்கொண்டது. மீடியா ஸ்ட்ரீமிங்கை நிறுத்தினேன். புது ஃபயர்வால் எது வெளியே போனாலும் கேட்கும். அலவ் கொடுத்தால் விடும், ப்ளாக் கொடுத்தால் தடுக்கும், கொடுத்த பதிலை மறக்காது. நெட் பார்க்கும் ப்ரவுசருக்கும் வீடியோ கால் சாஃப்ட்வேருக்கும் நானே அலவ் கொடுத்துவிட்டேன்.

"தெரிஞ்ச பேரா இருந்தா அலவ் குடுங்க. தெரியலன்னா ப்ளாக்," என்றேன்.

"அவ்ளோதான?"

"அவ்ளோதாம்மா."

பாய் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் வருமா என்று கேட்டார். சரி செய்கிறேன், அதுவரை பென்டிரைவில் கொண்டுவந்து எடுங்கள் என்றேன்.

4. வெள்ளிமலை வளைவு

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிமலையில் ஒரு அலுவலகத்தில் யு.பி.எஸ். பார்க்கப் போயிருந்தேன். கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. டீ குடிக்க வெளியே வந்தபோது போன் அதிர்ந்தது. ஏழு மிஸ்டு கால். எல்லாம் ஜமீலா அம்மா.

திருப்பி அடித்தால் "ஹலோ" என்பதற்குள் அறுந்தது. மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கீழே இறங்கும் ரோட்டில் ஒரு வளைவில் டவர் நேராகக் கிடைக்கும். ஸ்கூட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சுமதி, ஷபானா வூட்டுலேர்ந்து எல்லாரும் வந்து ஒக்காந்துகினு இருக்காங்க. பதினோரு மணிக்கு குவைத்துலேர்ந்து மாப்ள பேசறதா ஏற்பாடு. அவருக்கு இன்னிக்கிதான் லீவு. ஸ்கிரீன்ல வட்டம் சுத்திகினே இருக்குது, ஆளு வரல."

மணி பதினொன்று பத்து. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"நெட் வருதாமா? வேற எதையாவது தொறந்து பாருங்க."

"வருது. நியூஸ் ஓடுது."

"யாராவது செல்போன்ல வீடியோ கால் போட்டா?"

"அவரு தங்கியிருக்கற எடத்துல அது எடுக்க மாட்டேங்குதாம். இந்த சாஃப்ட்வேர்லதான் வருமாம். போன வாரம் நல்லாதான் வந்துது."

"சரி. ஸ்கிரீன்ல கீழ, மணி காட்டுது இல்ல, அதுக்குப் பக்கத்துல செங்கல் சுவர் மாதிரி ஒரு படம் இருக்கும். ரெண்டு தடவ க்ளிக் பண்ணுங்க. பேரா வரிசையா வரும். செவப்பு புள்ளி எதுல இருக்குது?"

"நெட் பாக்கறது ஒண்ணுதான் பச்ச. மத்த எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா?"

"நீதானமா சொன்ன, தெரியலன்னா ப்ளாக்னு. இதுல எனக்கு எது தெரியுது?"

நான் ஸ்கூட்டி சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில், சாஃப்ட்வேரின் ஃபைல் பெயரில் வந்திருக்கும். அந்த வீடியோ சாஃப்ட்வேர் புது அப்டேட் ஆகியிருக்கும், ஃபயர்வால் அதைப் புது ஆள் என்று நினைத்து மறுபடி கேட்டிருக்கும். அவரும் கடமை தவறாமல் ப்ளாக் கொடுத்திருப்பார்.

"ஒவ்வொரு பேரா படிங்கமா."

அவர் எழுத்துக் கூட்டி ஆரம்பித்தார். "எஸ், வி, சி..." பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை, யாரோ "நேரமாச்சு" என்பது. இரண்டாவது பெயரில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது, நான் ஒதுங்கினேன், லைன் அறுந்தது. திரும்பப் போட்டேன். இந்த முறை வேறு குரல்.

"நான் ஷபானா. அந்த டிவி பொண்ணு. எந்தப் பேர தேடணும் சொல்லுங்க."

பின்னால் அவள் அம்மா, "நீ போயி அங்க ஒக்காரலாமாடி, மாப்ள வூட்டாளுங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க," என்பது கேட்டது.

"ஸ்கிரீன்ல வந்தாதானம்மா பாப்பாங்க," என்றாள் ஷபானா.

நான் பெயரைச் சொன்னேன். கண்டுபிடித்தாள். ரைட் க்ளிக், அலவ். சாஃப்ட்வேரை மூடித் திறக்கச் சொன்னேன். "சுத்துது," என்றாள். "இன்னும் சுத்துது."

பிறகு தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும். கேக்குதா?"

மவுஸைக் கையில் பிடித்தபடி, மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற தூரத்தில் அவள் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளை முதலில் பார்த்தது அந்த முகத்தை. தலை குனிந்து டீ தட்டோடு வரும் ஏற்பாடெல்லாம் அடுப்படியிலேயே நின்றுபோனது.

"வ அலைக்கும் ஸலாம். கேக்குது," என்றாள் ஷபானா. "நீங்க கொஞ்சம் வெளிச்சத்துல வாங்க. மொகமே தெரியல."

அவர் சிரித்தது எனக்கு மலையில் கேட்டது. போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்பது என் வேலை இல்லை.

அந்த வரன் முடிந்தது. அவர் தன் வீட்டில் சொன்ன காரணம் பிற்பாடு ஜமீலா அம்மா மூலம் எனக்கு வந்தது: தான் இருட்டில் நிற்பதை முகத்துக்கு நேராகச் சொல்கிற பெண்ணோடு குவைத்தில் குடித்தனம் நடத்த முடியும் என்றாராம்.

5. முதலில் கேட்டிருக்க வேண்டியவை

மறுநாள் காலையிலேயே போனேன். ஃபயர்வாலின் லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். வீடியோ சாஃப்ட்வேர் மட்டும் இல்லை, விண்டோஸ் அப்டேட்டும் ப்ளாக். ஆன்டிவைரஸின் அப்டேட்டும் ப்ளாக். மூன்று வாரமாக அது பழைய விவரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாதுகாப்புக்கு என்று நான் போட்டது, பாதுகாப்பைப் பட்டினி போட்டிருந்தது.

"இத எடுத்துடு சுமதி," என்றார் ஜமீலா அம்மா. "எங்கிட்ட கேள்வி கேக்காத ஒண்ணு போடு. பதில் தெரிஞ்சவங்ககிட்டதான கேக்கணும்."

இந்த முறை கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்தேன். வீட்டில் யார் யார், எந்தெந்தக் கருவி, எது எதோடு பேச வேண்டும் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் நெட்டுக்குப் போக வேண்டும். வீடியோ கால் வர வேண்டும். பாய் லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்கு வழி வேண்டும். மாடிக்கு நெட் வேண்டும், ஆனால் கீழே உள்ள எதுவும் தெரியக் கூடாது. அவ்வளவுதான். தாளில் நான்கு வரி. மூன்று மாதம் முன்னால் இதை எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்காது.

கறார் ஃபயர்வாலைக் கழற்றினேன். விண்டோஸில் இருக்கும் ஃபயர்வாலையே ஆன் செய்தேன். இந்த வீட்டுக்கு அது போதும். அது பெரும்பாலும் வெளியே போவதைக் கேள்வி கேட்காது, நாம் கூப்பிடாமல் உள்ளே வருவதைத் தடுத்துவிடும். நெட்வொர்க்கை பப்ளிக் என்று மாற்றினேன். பொது இடத்தில் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தன்னை யாருக்கும் காட்டாது. வீட்டுக்குள்தானே, எதற்குப் பப்ளிக் என்று பாய் கேட்டார். வீட்டு வைஃபையில் உங்கள் வீட்டு ஆள் மட்டும்தான் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

பாய் லேப்டாப்புக்கு வைஃபை பெட்டியான ரௌட்டரில் மாறாத ஒரு நம்பர் கொடுத்து, அந்த நம்பரிலிருந்து வந்தால் மட்டும் பிரிண்டருக்குப் போகலாம் என்று ஃபயர்வாலில் ஒரு ரூல் எழுதினேன். ஷேரிங்குக்கு பாஸ்வேர்டு போட்டேன். பிரிண்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஃபயர்வாலை ஆஃப் செய்தால் உடனே வந்துவிடும் என்று என் கை நாலைந்து தடவை அந்தப் பக்கம் போனது. செய்யவில்லை.

ரௌட்டரில் விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து, மாடிக்கு அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். கீழ் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். கடைசியாக மாடிக்குப் போய் கோமதி டி.வி.யில் போட்டோ பட்டனை அமுக்கச் சொன்னேன். கீழ் வீட்டுக் கம்ப்யூட்டரின் பெயர் வரவில்லை.

"ஒருத்தியும் காணமே," என்றார் அவள் மாமியார். குரலில் வருத்தம் இருந்தது.

6. சொல்லிவிட்டு வருவது

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஃபயர்வால் பெயர்களை அல்ல. அவை வருஷத்துக்கு வருஷம் மாறும். வீட்டு ஆளிடம் நான்கு கேள்வி கேட்டால் எது வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவது நாம் இல்லை, அவர்கள். அவர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்கும் சாஃப்ட்வேர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு நல்லது இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் எதையாவது ஆஃப் செய்தால், திறந்து வைத்தால், வீட்டு ஆளிடம் வாய் திறந்து சொல்லிவிட்டு வர வேண்டும். ஜமீலா அம்மா வீட்டில் நான் செய்த தப்பு ஆஃப் செய்தது பாதி, சொல்லாமல் வந்தது மீதி.

போன மாதம் வடக்கனந்தலில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனேன். பம்புசெட்டில் கேமரா வைத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கிறார். கேமரா கம்பெனிக்காரர் தூரத்திலிருந்து உள்ளே வந்து ஏதோ சரி செய்ய வேண்டியிருந்தது. அதற்காக ஃபயர்வாலில் ஒரு வழி திறந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, இதுல ஒரு வழி தொறந்து வெச்சுட்டு போறேன். அவங்க வேல முடியற வரைக்கும் வெளியிலேர்ந்து ஆளு உள்ள வர முடியும்," என்றேன்.

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்ப, மூடறதுக்கு எப்ப வருவீங்க?"

இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் எதையும் அவர்களிடம் சொல்லி வைத்ததில்லை.

"சனிக்கிழமை," என்றேன். சனிக்கிழமை போய் மூடிவிட்டு, மூடியதை அவரிடம் காட்டிவிட்டு வந்தேன்.